நட்சத்திரங்கள் காத்திருக்கும்

அமெரிக்காவின் பழைய பேஸ்பால் அட்டைகளில் ஒரு செட்டை எடுத்துக்கொண்டு, முதல் எண்ணிலிருந்து கடைசி எண்வரை, ஒவ்வொன்றும் தரம் போட்டு பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்ததாகச் சேர்த்து முடிக்க வேண்டும் என்று புதிதாக இறங்கியிருக்கும் இளையவர்களுக்கு இதை எழுதுகிறேன். தரம் போட்ட அட்டையைக் கார்டுக்காரர்கள் 'ஸ்லாப்' என்பார்கள். அப்படியே சேர்த்து முடித்தால் 'கிரேடட் செட்'.

உதாரணத்துக்கு 1957 டாப்ஸ் செட்டை வைத்துக்கொள்கிறேன். மொத்தம் 407 அட்டைகள். டாப்ஸ் புரூக்ளினில் இருந்த சூயிங்கம் கம்பெனி. ஒரு சென்ட்டுக்கும் ஐந்து சென்ட்டுக்கும் விற்ற பாக்கெட்டுகளில் பபிள்கம்மோடு அட்டையும் வந்தது. பையன்கள் அவற்றை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார்கள், சுவரோரமாக வீசி விளையாடினார்கள், சைக்கிள் சக்கரத்துக் கம்பியில் படபடக்கச் செருகினார்கள். அத்தனைக்கும் தப்பி, பிறகு அம்மாக்கள் வீடு ஒழித்துப் போட்டதற்கும் தப்பியவற்றைத்தான் நாம் இன்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

1. முடிக்கக்கூடிய செட்டைத் தொடங்குங்கள்.

ஆழம் தெரியாமல் காலை விடுபவர்கள் இந்தத் துறையில்தான் அதிகம். 1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டுகளில் வந்த டி206 வரிசையைச் சேகரிப்பவர்களே அதற்கு 'ராட்சசன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஐந்நூறுக்கு மேற்பட்ட அட்டைகள். அவற்றில் ஹோனஸ் வாக்னர் ஒருவரே பெரும்பாலோருக்கு எட்டாக்கனி. 1933 கௌடி செட்டில் 240 எண்கள். அதில் 106-ஆம் எண்ணை அந்த ஆண்டு கம்பெனி வெளியிடவே இல்லை. கடிதம் போட்டுக் கேட்டவர்களுக்கு மறு ஆண்டுதான் நாப் லஜோயி அட்டையை அச்சடித்து அனுப்பியது. 1952 டாப்ஸிலும் 407 எண்கள்தான். ஆனால் 311-லிருந்து தொடங்கும் கடைசி வரிசை பருவம் முடியும் நேரத்தில் கடைக்கு வந்து விற்காமல் தேங்கியது. மிஞ்சிய பெட்டிகளை 1960-இல் படகில் ஏற்றிக்கொண்டு போய் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அந்த செட்டை உருவாக்கிய சை பெர்கரே பின்னாளில் சொன்னார். மிக்கி மேன்டிலின் 311-ஆம் எண் அந்த வரிசையைச் சேர்ந்ததுதான். 2022-இல் அதன் ஒரு பிரதி 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது.

1957 நடுத்தர வருமானக்காரர் பொறுமையாக முடிக்கக்கூடிய செட். இன்றுவரை வழக்கிலிருக்கும் இரண்டரைக்கு மூன்றரை அங்குல அளவு அந்த ஆண்டில்தான் வந்தது. வரைந்த படம் போய் வண்ணப் புகைப்படம் வந்தது. டாட்ஜர்ஸ் புரூக்ளினிலும் ஜயன்ட்ஸ் நியூயார்க்கிலும் ஆடிய கடைசிப் பருவமும் அதுவே. சேர்ப்பதற்கு இத்தனை காரணம் உள்ள செட் வேறு அதிகமில்லை.

2. எந்தத் தரம் என்பதை முதல் அட்டை வாங்குமுன் முடிவு செய்யுங்கள்.

பிஎஸ்ஏ, எஸ்ஜிசி, பெக்கெட் ஆகிய மூன்றும் ஒன்றிலிருந்து பத்துவரை தரம் போடுகின்றன. 1957-க்கு 5 போட்ட அட்டையில் முனைகள் கொஞ்சம் மழுங்கியிருக்கும், பார்வைக்கு நன்றாகவே இருக்கும். 7 என்றால் உற்றுப் பார்த்தால்தான் குறை தெரியும். 8-க்கு மேல் போனால் விலை ஏறுவது படிக்கட்டில் அல்ல, ஏணியில்.

407 அட்டைகளையும் மனத்தில் வைத்துக் கணக்குப் போடுங்கள். ஓர் அட்டைக்கு இருபது டாலர் கூடுதலாகக் கொடுப்பது பெரிதாகத் தெரியாது. 407 முறை கொடுத்தால் எட்டாயிரம் டாலருக்கு மேல். தரத்தை முடிவு செய்த பிறகு அதில் நில்லுங்கள். நான்கும் எட்டும் கலந்த செட் பார்ப்பவர் கண்ணுக்கும் ஒட்டாது, விற்கும்போதும் உதவாது. பெரிய நட்சத்திரங்களுக்கு மட்டும் ஒரு தரம் கீழே இறங்கலாம் என்று சலுகை வைத்துக்கொள்ளலாம். அந்தச் சலுகையையும் முதலிலேயே காகிதத்தில் எழுதி வையுங்கள்.

3. உறையில்லாத அட்டைகளைக் கையில் எடுத்துப் பழகுங்கள்.

ஸ்லாப் வாங்குவதற்கு முன், அதே செட்டில் மடிப்பு விழுந்த, மலிவான பத்து இருபது அட்டைகளை வாங்கி மேஜையில் பரப்பிப் பாருங்கள். ஒவ்வோர் ஆண்டின் செட்டுக்கும் அதற்கே உரிய நோய் உண்டு. 1971-க்குக் கறுப்பு விளிம்பு. கொஞ்சம் உரசினாலும் வெள்ளை எட்டிப் பார்க்கும். 1957-க்கு முதல் தொல்லை சென்டரிங். வெள்ளை விளிம்பு ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் நூலிழையாகவும் இருக்கும். இரண்டாவது, படம் முழுக்கத் தூவியதுபோல் விழும் வெள்ளைப் புள்ளிகள். சேகரிப்பவர்கள் இதைப் 'பனி' என்கிறார்கள். மூன்றாவது, இருண்ட, தெளிவில்லாத படம். இவற்றோடு பின்பக்கத்தில் பாக்கெட்டின் மெழுகுக் கறை, ஓரத்தில் ரப்பர் பேண்டு வெட்டிய தடம்.

விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால்தான் மேற்பரப்பின் மெல்லிய மடிப்பு தெரியும். இந்தப் பழக்கம் கைக்கு வந்த பிறகு, ஏலப் படத்தைப் பார்த்தே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுவீர்கள்.

4. எண்ணை வாங்காதீர்கள், அட்டையை வாங்குங்கள்.

லேபிளில் இருக்கும் எண் ஜாதகம். ஜாதகத்தை மட்டும் பார்த்து, ஆளைப் பார்க்காமல் யாராவது நிச்சயதார்த்தம் வைப்பார்களா? பிஎஸ்ஏவின் விதிப்படி 7 போட்ட அட்டையின் முன்பக்கச் சென்டரிங் 70/30 வரை சாயலாம். கூர்மையான முனையும் சாய்ந்த படமும் கொண்ட 7 ஒன்று. நடுவாக உட்கார்ந்த படமும் சற்றே மழுங்கிய முனையும் கொண்ட 6 ஒன்று. இரண்டில் பத்துப் பேரிடம் எது அழகு என்று கேட்டால், 6-ஐக் காட்டுபவர்களே அதிகமாக இருப்பார்கள். விலையோ குறைவு.

தரத்துக்குப் பக்கத்தில் எழுத்துக்குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். நடுவில்லாதது, கறை, அச்சுக்குறை, பேனாக்கீறல் என்று ஒவ்வொன்றுக்கும் பிஎஸ்ஏ ஒரு குறி வைத்திருக்கிறது. குறி போட்ட 8, வெறும் 8 ஆகாது.

லேபிளை வேதவாக்காக எடுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு வரலாறு. பிஎஸ்ஏ 1991-இல் தரம் போட்ட முதல் அட்டையே டி206 ஹோனஸ் வாக்னர்தான். அதற்கு 8 கொடுத்தார்கள். ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி பங்குதாரராக வாங்கியிருந்ததால் அவர் பெயரிலேயே அது பிரபலமானது. 2007-இல் 28 லட்சம் டாலருக்குக் கை மாறியது. ஏல நிறுவனம் நடத்திய பில் மாஸ்ட்ரோ, அந்த அட்டையின் ஓரங்களைத் தானே வெட்டிச் சீராக்கியதை 2013-இல் வழக்கின்போது ஒப்புக்கொண்டார். உலகின் மிகப் புகழ்பெற்ற ஸ்லாபுக்கே கதை இப்படி என்றால், நம் கண்ணுக்கு வேலை இருக்கத்தான் செய்கிறது.

5. நாலாவது வரிசையிலிருந்து தொடங்குங்கள்.

டாப்ஸ் அந்தக் காலத்தில் முழு செட்டையும் ஒரே நாளில் கடைக்கு அனுப்பவில்லை. பருவம் நகர நகர வரிசை வரிசையாக வெளியிட்டது. வழக்கமாகக் கடைசி வரிசைதான் அரிது. பள்ளி திறந்து பையன்கள் கால்பந்துப் பக்கம் போன பிறகு கடைக்காரர் குறைவாக வாங்குவார். 1957 இந்த வழக்கத்தை மீறியது. அதில் கடைசிக்கு முந்தைய நாலாவது வரிசை, அதாவது 265 முதல் 352 வரை, குறைவாகக் கிடைக்கிறது. அந்த 88 எண்களில் யாருக்கும் ஞாபகமில்லாத வீரரின் அட்டைகூட முதல் வரிசையின் அதே போன்ற அட்டையைவிடப் பல மடங்கு விலை.

போதாததற்கு நட்சத்திரங்களும் அங்கே குவிந்திருக்கிறார்கள். 302 சாண்டி கோஃபாக்ஸ், 328 புரூக்ஸ் ராபின்சனின் முதல் அட்டை, 338 ஜிம் பன்னிங், 286 பாபி ரிச்சர்ட்சன், 312 டோனி கியூபெக். புதியவர்கள் எளிதாகக் கிடைக்கும் முதல் வரிசையை வேகமாக நிரப்பி, பாதி முடிந்துவிட்டது என்று மகிழ்ந்துபோய், பிறகு இந்த வரிசையின் வாசலில் பணமும் தெம்பும் தீர்ந்து நிற்பார்கள். நாலாவது வரிசையில் இருபது அட்டை சேர்த்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால், இந்த செட் உங்களுக்கு ஏற்றதுதான்.

6. சாதாரண வீரர்களை மதியுங்கள்.

இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள். நட்சத்திரமில்லாத அட்டையைக் 'காமன்' என்பார்கள். மாற்று கேட்சராக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர், இரண்டு பருவம் பந்து வீசிவிட்டுக் காணாமல் போனவர் என 407-இல் பெரும்பகுதி இவர்கள்தான். கிரேடட் செட்டை இழுத்தடிப்பவர்களும் இவர்கள்தான்.

காரணம் எளிய கணக்கு. தரம் போடக் கட்டணம் உண்டு. 1990-களில் ஐந்து டாலர் பெறுமானமுள்ள காமனுக்கு அதைவிட அதிகம் கட்டணம் கட்டி யார் அனுப்புவார்? மேன்டில், வில்லியம்ஸ், ஆரன் எல்லாம் மூட்டை மூட்டையாகப் போனார்கள். காமன்கள் ஷூ பெட்டியிலேயே கிடந்தன. விளைவாக, உயர்ந்த தரத்தில் மேன்டில் எப்போது தேடினாலும் ஏதோ ஓர் ஏலத்தில் இருப்பார். பெயர் தெரியாத ஒரு பிட்சரின் அட்டையோ, அதே தரத்தில், உலகம் முழுக்கச் சிலதான் இருக்கும். அந்தச் சிலவும் செட் கட்டி முடித்தவர்களின் அலமாரியில் பூட்டிக் கிடக்கும்.

எந்தக் காமன் கடினம் என்பது அச்சுத்தாளில் அதன் இடத்தையும் பொறுத்தது. பெரிய தாளில் பல அட்டைகளை ஒன்றாக அச்சடித்து வெட்டினார்கள். தாளின் ஓரத்தில் இருந்த அட்டை வெட்டும்போது சாயும். ஒரே இடத்தில் மை சரியாக விழாத அட்டை எல்லாத் தாளிலும் அதே குறையோடுதான் வரும். அதனால் ஒரு குறிப்பிட்ட எண் மட்டும் எங்கே பார்த்தாலும் கோணலாகவே இருக்கும். மாதக்கணக்கில் ஏலங்களைக் கவனித்தால் அப்படிப்பட்ட எண்கள் தாமாகத் தெரியவரும். அவற்றை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். சென்டரிங் சரியான ஒன்று வந்தால் பேரம் பேசி இழந்துவிடாதீர்கள். ஐந்து டாலரை மிச்சம்பிடிக்கப் போய் இரண்டு வருடம் காத்திருந்தவர்களை நான் அறிவேன்.

7. நட்சத்திரங்களுக்குத் தனி உண்டியல் வையுங்கள்.

1 டெட் வில்லியம்ஸ், 10 வில்லி மேஸ், 20 ஹாங்க் ஆரன், 35 ஃபிராங்க் ராபின்சன், 76 ராபர்ட்டோ கிளெமென்டே, 95 மேன்டில். இவை கிடைக்காத அட்டைகள் அல்ல, பணம் கேட்கும் அட்டைகள். அவசரம் வேண்டாம், ஆனால் மறந்தும்விடாதீர்கள். காத்திருக்கும் காலத்தில் இவற்றின் விலை கூடவும் செய்யும். காமனுக்குச் செலவழிப்பதில் ஒரு பகுதியை மாதந்தோறும் ஒதுக்குங்கள்.

இவற்றிலும் படத்தைப் பார்த்து வாங்குங்கள். ஆரனின் அட்டையில் படச்சுருளைத் திருப்பி அச்சடித்துவிட்டதால், வலதுகை ஆட்டக்காரர் இடதுகையால் மட்டை பிடித்து நிற்பார். எல்லாப் பிரதியும் அப்படித்தான், அதைக் குறை என்று சொல்லி யாராவது விலை பேசினால் சிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் எண்ணும் கடைசி எண்ணும் தனி ரகம். எண் வரிசையில் அடுக்கி ரப்பர் பேண்டு போட்டால் அடி வாங்குவது இவை இரண்டும்தான். 1957-இல் முதல் எண் வில்லியம்ஸ். 407-ஆம் எண்ணில் மேன்டிலும் யோகி பெர்ராவும் சேர்ந்து நிற்கிறார்கள். இரண்டு பக்கமும் நட்சத்திரமே காவலுக்கு நிற்பதால் இவற்றுக்கு உண்டியலில் முன்னுரிமை கொடுங்கள்.

8. எண்ணிக்கை அறிக்கையைச் சந்தேகத்தோடு படியுங்கள்.

எந்த அட்டைக்கு எந்தத் தரம் எத்தனை முறை கொடுத்தோம் என்று கம்பெனிகள் வெளியிடும் கணக்கைப் 'பாப்' என்பார்கள். நல்ல கருவிதான். ஆனால் அது அட்டைகளின் எண்ணிக்கை அல்ல, தரம் போட்ட முறைகளின் எண்ணிக்கை. 7 வாங்கியவர் உறையை உடைத்து 8 கிடைக்குமென்று மீண்டும் அனுப்புவார். பழைய லேபிளைத் திருப்பித் தராவிட்டால் ஒரே அட்டை இரண்டாகக் கணக்கில் நிற்கும். விலை உயர்ந்த நட்சத்திரங்களில்தான் இது அதிகம், காமன்களில் குறைவு. ஆக, அறிக்கை காட்டும் வித்தியாசத்தைவிட உண்மை வித்தியாசம் இன்னும் சிறியது.

9. பதிவேட்டுப் போட்டியில் தலையைக் கொடுக்காதீர்கள்.

பிஎஸ்ஏ நடத்தும் செட் பதிவேட்டில் உங்கள் செட்டைப் பதிந்தால், அட்டையின் கடினத்தைப் பொறுத்து மதிப்புப் போட்டு, சராசரித் தரம் கணக்கிட்டு வரிசைப்படுத்துவார்கள். எது விடுபட்டது என்று பார்க்க வசதியானது. ஆனால் முதல் இடத்துக்கு மோதும் இரண்டு பேர் ஒரே காமனுக்கு ஏலம் கேட்டால், விலை எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. மூன்றாமவராக அதில் நுழையாதீர்கள். அந்த இருவருக்கும் அட்டை கிடைத்த பிறகு, அடுத்த பிரதி வரும்போது கேட்க ஆளிருக்காது.

10. தரத்துக்கு நீங்களே அனுப்புவதைத் தொழிலாக நினைக்காதீர்கள்.

உறையில்லாத அட்டையை வாங்கி அனுப்பினால் லாபம் என்று தோன்றும். நல்ல அட்டையை உங்களுக்கு முன்பே பத்துப் பேர் பார்த்திருப்பார்கள். இன்னும் உறையில்லாமல் இருக்கிறதென்றால் பெரும்பாலும் காரணம் இருக்கும். கட்டணம், அஞ்சல், காப்பீடு, காத்திருப்பு எல்லாம் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். 2021-இல் அட்டைகள் மலைபோல் குவிந்து, பிஎஸ்ஏ பெரும்பாலான சேவைகளை மாதக்கணக்கில் நிறுத்தியே வைத்தது. ஸ்லாபாகக் கிடைக்காமல் தவிக்கவைக்கும் காமன்களுக்கு மட்டும் இந்த வழியைப் பயன்படுத்துங்கள். அட்டையை அழுத்துவது, ஓரம் வெட்டுவது, நிறம் பூசுவது பக்கமே போகாதீர்கள். அடுத்தவரை ஏமாற்றும் வேலை அது.

11. மனிதர்களிடம் வாங்குங்கள்.

இணைய ஏலம் வசதிதான். விழும் விலைக்கு மேல் வாங்குபவர் கட்டும் கமிஷனையும் அஞ்சலையும் சேர்த்தே உங்கள் உச்சத்தை முடிவு செய்யுங்கள். ஆனால் கடைசி ஐம்பது அட்டைகளைப் பெரும்பாலும் ஆட்கள்தான் கொண்டுவந்து தருவார்கள். 1980-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கி ஆண்டுதோறும் கோடையில் நடக்கும் தேசியக் கண்காட்சியை எல்லோரும் 'நேஷனல்' என்றே சொல்வார்கள். அங்கே போகும்போது வேண்டிய எண்களை, வேண்டிய தரத்தோடு, ஒரு பக்கத்தில் அச்சடித்து வியாபாரிகளிடம் கொடுங்கள். விலை சொன்னால் உடனே ஆமாம், இல்லை என்று பதில் சொல்லுங்கள். வாங்குவதாகச் சொல்லிவிட்டுப் பின்வாங்காதீர்கள். இப்படிப் பெயர் எடுத்தவருக்குத்தான், புதுச் சரக்கு வந்ததும் முதல் தொலைபேசி அழைப்பு போகும்.

12. 'முடிந்தது' என்றால் எதுவரை என்று எழுதி வையுங்கள்.

407 எண்களுக்கு வெளியே எண்ணில்லாத நான்கு செக்லிஸ்ட் அட்டைகள் 1957-இல் உண்டு. செக்லிஸ்ட் என்றால் எந்த அட்டை கையில் இருக்கிறது என்று குறிக்கத்தானே? பையன்கள் பென்சிலால் குறித்துத் தள்ளினார்கள். குறிக்காதது கிடைத்தால் நட்சத்திர விலை. 176-ஆம் எண் ஜீன் பேக்கர் அட்டையின் பின்பக்கத்தில் அவர் பெயரின் கடைசி எழுத்தைத் தவறாக அச்சடித்துப் பிறகு திருத்தினார்கள். பிழையான அச்சு மிக அரிது. இவை செட்டில் சேருமா, சேராதா? இரண்டுமே நியாயமான பதில்தான். பாதி வழியில் பதிலை மாற்றுவதுதான் வம்பு.

13. வீட்டில் சொல்லி வையுங்கள்.

ஸ்லாப் அட்டையைக் காக்கும், வெயிலையும் ஈரத்தையும் தடுக்காது. நிலவறையிலும் மாடி அறையிலும் வைக்காதீர்கள். சாதாரண வீட்டுக் காப்பீடு சேகரிப்புப் பொருள்களுக்குக் குறைந்த தொகைதான் தரும், தனியாக எடுங்கள். எண், தரம், லேபிளின் சான்று எண், வாங்கிய விலை, தேதி எல்லாம் ஒரு பட்டியலாக இருக்கட்டும். விற்றால் வரிக்கும் அது வேண்டும். உங்களுக்குப் பிறகு யாரிடம் போய் விலை கேட்பது, யாரிடம் ஏமாறக் கூடாது என்று அந்தப் பட்டியலின் மேலேயே எழுதி, மனைவியிடமோ கணவரிடமோ பிள்ளைகளிடமோ கொடுங்கள்.

14. முடிந்ததும் பின்பக்கத்தைப் படியுங்கள்.

கடைசி அட்டை வந்ததும் கை தானாக அடுத்த வேலை தேடும். 6-ஐ 7 ஆக்கலாமா, 7-ஐ 8 ஆக்கலாமா என்று மனம் அலையும். அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு வீரரின் ஆட்டக்கணக்கை ஆண்டுவாரியாக முழுதும் அச்சடிக்கும் வழக்கத்தை டாப்ஸ் 1957-இல்தான் கொண்டுவந்தது. மேன்டிலின் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இருக்கும். உங்களை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்த அந்தக் காமன் எந்தச் சிற்றூரில் எத்தனை பருவம் ஆடி மேலே வந்தார் என்பது அவர் அட்டையின் பின்னால் இருக்கிறது. இத்தனை பாடுபட்டுச் சேர்த்தவர், அதைப் படிக்காமல் அலமாரியைப் பூட்டக் கூடாது.

படித்து முடித்த பிறகும் ஆசை இருந்தால் 1956-ஐப் பற்றிப் பேசலாம். அது 340 அட்டைகள்தான், இரண்டு செக்லிஸ்ட் தனி.